இன்னொரு தரம்

கேசட் சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். 1996ஆம் ஆண்டு, துபாய் துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களை முடித்துக்கொண்டு ஷார்ஜாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாலை. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் ஓடாது, நிற்கும். எங்கள் கம்பெனியின் எகிப்தியக் கணக்காளர் ஸ்டியரிங்கில் ஒரு கையைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பரான நான் பக்கத்து இருக்கையில். ஸ்டீரியோவில் ஒரு பெண் ஒரு வரியைப் பாடினாள். கூட்டம் கத்தியது. மறுபடி அதே வரி. மறுபடி கத்தல். ஐந்தாவது தடவையும் அதே வரி வந்தபோது, நம்மால் ஆன உதவி என்று, "உஸ்தாத், டேப் மாட்டிக்கிச்சு போல" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை உயர்த்தி, கேள் என்பதுபோல் காட்டினார். ஆறாவது முறை வந்தது. சொற்கள் அதேதான், அது எனக்குத் தெரிந்தது. ஆனால் போனமுறை நின்ற இடத்தில் குரல் நிற்கவில்லை. ஒரு படி கீழே இறங்கி, அங்கே கொஞ்சம் தயங்கி, யாரும் எதிர்பாராத ஒரு சந்து வழியாக மேலே வந்தது. அந்த இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு ஆள், நெஞ்சில் யாரோ குத்தியதுபோல, "அல்லாஹ்" என்றான். உஸ்தாதும் கூடவே சொன்னார். முன்னால் வண்டி நகர்ந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் நகரவில்லை.

உம்மு குல்தூம் என்று பெயர் சொன்னார். எகிப்தியர் வாயில் அது உம்மு குல்ஸூம். ஷார்ஜா வந்து சேர ஒன்றேகால் மணிநேரம் ஆனது. பாட்டு முடியவில்லை.

நான் காவிரிப் படுகையில் பிறந்தவன். ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது எனக்கு அந்நியமான காரியமில்லை. நிரவல் என்று அதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. என் தாத்தா சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால் சுவாமி புறப்பாட்டின்போது நாயனக்காரர் தோடியை எடுத்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தேரடி வரைக்கும் கூடவே நடக்கிற கூட்டத்தில் ஒருவர். டி. என். ராஜரத்தினம் பிள்ளையை நேரில் கேட்ட கதையை அவர் சொல்லும்போது ராகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். யார் யார் பக்கத்தில் நின்றார்கள், யார் அழுதார்கள், எந்த வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்தது என்றுதான் சொல்வார். அதை நான் சங்கீத ஞானக் குறைவு என்று நினைத்த காலம் உண்டு.

ஆக, அந்தக் கேசட்டில் என்னை உலுக்கியது நிரவல் இல்லை. அந்தக் கத்தல்தான்.

உஸ்தாத் மன்சூராப் பக்கத்துக்காரர். நைல் நதி கடலில் சேருமுன் விரிகிற படுகையில் தக்கஹ்லிய்யா என்றொரு மாகாணம், அதன் தலைநகர் மன்சூரா. அதே மாகாணத்தில் தமாய் அஸ்-ஸஹாய்ரா என்ற சிறு கிராமத்தில், 1900ஐ ஒட்டிய ஏதோ ஒரு ஆண்டில் உம்மு குல்தூம் பிறந்தார். எந்த ஆண்டு என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. "எங்க ஊர்ப் பொண்ணு" என்று உஸ்தாத் சொல்லும்போது, அவர் பிறப்பதற்கு முன்பே பாட்டியாகும் வயதை எட்டிவிட்ட ஒருத்தியைப் பக்கத்து வீட்டுச் சிறுமிபோல் சொல்வார். அப்பா ஊர்ப் பள்ளிவாசல் இமாம். கல்யாணங்களில் நபிகள் புகழ் பாடிக் கொஞ்சம் காசு சேர்ப்பவர். மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததை மகள் ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டாள். பொது இடத்தில் பெண்பிள்ளை பாடினால் ஊர் பேசும் என்று, பதூயின் பையன்போலக் கோட்டும் தலைத்துணியும் மாட்டி அழைத்துப்போனார் அப்பா. நம் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நின்றது நினைவுக்கு வந்தது. அவருக்கு மேடையில் ஏற வேடம், இந்தச் சிறுமிக்கு வீட்டிலிருந்து இறங்கவே வேடம்.

1923 வாக்கில் குடும்பம் கெய்ரோவுக்கு வந்தது. 1934 மே 31ஆம் தேதி எகிப்திய வானொலி தொடங்கிய அன்று பாடியவர்களில் அவரும் ஒருவர். 1937 முதல் அவருடைய வியாழக்கிழமைக் கச்சேரிகள் நேரடியாக ஒலிபரப்பாயின. இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கோடை வரும்வரை, மாதத்தின் முதல் வியாழன் இரவு. 1970களின் தொடக்கம் வரை இது நடந்தது. ஒரு இரவில் இரண்டு மூன்று பாட்டுத்தான். ஆனால் முடிய நள்ளிரவு தாண்டும். மொராக்கோவிலிருந்து ஈராக் வரை அந்த இரவுகளில் தெருக்கள் காலியாகக் கிடந்தன என்று அந்தத் தலைமுறைக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். எகிப்து அதிபர் நாசர் தன் உரைகளைக்கூட அந்த வியாழனில் வைத்துக்கொள்ள மாட்டார் என்றொரு பேச்சும் உண்டு.

ஏன் வியாழன்? மறுநாள் வெள்ளி, விடுமுறை. இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அப்போது எங்களுக்கும் வெள்ளிதான் விடுமுறை. வியாழன் இரவு என்பது வளைகுடாவில் கூலிக்கு வந்தவனுக்கு வாரத்தின் ஒரே சொந்த இரவு. துணி துவைப்பது, ஊருக்குக் கடிதம் எழுதுவது, எட்டுப் பேர் ரூமில் ஒரு சட்டி மீன்குழம்பு வைப்பது எல்லாம் அன்றைக்குத்தான். கிராசரியில் ரொட்டியும் குப்பூஸும் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் உஸ்தாத் கொடுத்த கேசட்டும் என் சட்டைப் பையில் இருக்கும். சவ்த் அல்-காஹிரா என்று அரபியில் எழுதிய, கெய்ரோ கம்பெனியின் கேசட்டுகள். உறையில் கொண்டை போட்ட, கறுப்புக் கண்ணாடி அணிந்த, கையில் நீண்ட கைக்குட்டை பிடித்த ஒரு பெரியம்மாள். தைராய்டு நோய் அவர் கண்களைத் தாக்கியிருந்தது. விளக்கு வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணாடி அலங்காரம் அன்று என்று பிறகுதான் தெரிந்தது.

ரூமில் வரவேற்பு எப்படியிருந்தது என்று சொல்ல வேண்டும். "என்னடா இது, எழவு வீடு மாதிரி" என்றான் திருநெல்வேலிக்காரன். ஆனால் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய் ஒருவர் எங்களோடு இருந்தார், எல்லோருக்கும் மூத்தவர். கேசட் ஓடத் தொடங்கியதும் கட்டிலில் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து, காலை மடக்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரபி என்றால் அவருக்கு ஓதுவதுதான். போதாக்குறைக்கு நபி நாயகத்தின் மகள் பெயர். அரைமணி நேரம் அசையாமல் கேட்டார். திருநெல்வேலிக்காரனையும் வாயை மூடச் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. "பாய், இது காதல் பாட்டு" என்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி" என்று மறுபடி படுத்தவர், விளக்கணைத்தபின் இருட்டிலிருந்து கேட்டார்: "ஆனா அந்தப் பொம்பள ஓதிப் பழகுன தொண்டதானே?"

அவர் சொன்னது சரி. குர்ஆன் ஓதும் முறையில் எழுத்துக்கு எழுத்து இடம் உண்டு, எங்கே மூக்கொலி, எங்கே எவ்வளவு நீட்டல் என்று கணக்கு உண்டு. சிறுவயதில் அதில் பழகிய நாக்கு உம்மு குல்தூமுடையது. எந்த உச்சத்தில் போனாலும் சொல் உடையாது. காதல் வரியை ஓதுகிற துல்லியத்தோடு சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்பதை அரபு விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு பாய் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் நோட்டுப் புத்தகம் போட்டுப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். தமிழ் எழுத்தில் அரபியை எழுதுவது ஒரு சாக்குப் பைக்குள் மீனைப் பிடித்துப் போடுவது மாதிரி. தொண்டையின் அடியில் பிறக்கும் 'ஐன்' என்ற எழுத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று விதமான ஹகரத்துக்கு ஒரே ஒரு கிரந்த எழுத்து. காஃப் இரண்டுக்கும் ஒரே ககரம். உஸ்தாத் என் உச்சரிப்பைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார். ழகரத்தைச் சொல்லச் சொல்லி அவரைப் பழிவாங்கியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. இரண்டு வருடங்களில் ஏழெட்டுப் பாட்டுகள் எனக்கு மனப்பாடம். பொருள் ஒன்றுகூடத் தெரியாது.

பொருள் தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. உறக்கமில்லாத இரவு, வராத ஆள், பொறாமை பிடித்தவர்கள், போன நாட்கள். நம் சினிமாப் பாட்டில் இல்லாததா? அகமது ராமி என்ற கவிஞர் நூற்றுக்கு மேல் எழுதிக்கொடுத்திருக்கிறார். பாரிசில் பாரசீகம் படித்து உமர் கய்யாமை அரபிக்குக் கொண்டுவந்தவர். வாழ்நாள் முழுக்க உம்மு குல்தூமைக் காதலித்தவர், சொல்லாமலேயே பாட்டாக எழுதியவர் என்று எகிப்தே பேசியது. இந்தப் பின்கதை தெரிந்தவுடன் பாட்டுகள் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பொருள் தெரியாத இரண்டு வருடம் நான் கேட்ட பாட்டுத்தான் பெரியது. அதில் என்னென்னவோ இருந்தது. எங்கள் ஊர் வாய்க்கால்கூட இருந்தது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. 'அல்-அத்லால்', இடிபாடுகள் என்று பொருள். இப்ராஹிம் நாஜி என்ற மருத்துவரின் கவிதை. அவர் 1953இல் இறந்து, பதிமூன்று ஆண்டுகள் கழித்து, 1966இல் ரியாத் அஸ்-ஸுன்பாத்தி இசையமைத்து உம்மு குல்தூம் பாடினார். பழைய அரபுக் கவிதை மரபில் கவிஞன் பாலைவனத்தில் வந்துகொண்டிருப்பான். காதலியின் கூட்டம் முன்பு கூடாரமடித்திருந்த இடம் வரும். அடுப்புக் கல்லும் சாம்பலும் கிடக்கும். அங்கே நின்று அழுதுவிட்டுத்தான் பாட்டையே ஆரம்பிப்பான். நாஜியின் தலைப்பு அந்த இடிபாட்டைத்தான் சொல்கிறது. அதில் தன் கைகளை விடுவிக்கச் சொல்லிக் கேட்கிற ஒரு இடம் உண்டு. எழுதியது காதலியிடம். 1967 ஜூன் போரில் எகிப்து தோற்றபின் கேட்டவர்களுக்கு அது காதலியைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்த இடத்தில் கூட்டம் எழுப்பும் ஒலி வேறு மாதிரி. ஒரு கவிதையின் பொருளைக் கேட்பவர்கள் மாற்றிவிட முடியும் என்பதை நான் அந்தக் கேசட்டில்தான் கேட்டேன்.

ராகத்துக்கு வருகிறேன். அரபியில் மகாம். 'இன்த்த உம்ரி' பாட்டு இருக்கிறது, 1964இல் முகமது அப்துல் வஹாப் அமைத்தது. பல பத்தாண்டுகள் போட்டியாளர்களாக இருந்த இருவர் முதன்முதல் சேர்ந்தார்கள் என்பதால் பத்திரிகைகள் அதை மேகங்களின் சந்திப்பு என்று கொண்டாடின. எலெக்ட்ரிக் கிதாரெல்லாம் வரும். அதன் மகாம், குர்த். அதன் சுரங்களை வரிசையாக எடுத்து வைத்தால் நம் ஹனுமத்தோடியின் படிக்கட்டு. தாத்தா தேரடி வரை நடந்த அதே படிக்கட்டு. ஆனால் தோடியில் காந்தாரம் நிற்கவே நிற்காது, ஊஞ்சலாடும். இங்கே அது ஆடாமல் நிற்கிறது. எலும்பு ஒன்று, உடம்பு வேறு. ஹிஜாஸ் என்ற மகாமின் முதல் நான்கு சுரத்தைக் கேட்டால் மாயாமாளவகௌளையில் சரளிவரிசை ஆரம்பித்த எந்தக் குழந்தையும் தலையை நிமிர்த்தும்.

தெரிந்த முகங்களாகவே வந்துகொண்டிருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். ராஸ்த் என்ற மகாமில் ஒரு காந்தாரம் வருகிறது. சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. நம்மிலும் கமகம் அந்த வழியாகப் போய்வரும், ஆனால் அங்கே வீடு கட்டிக் குடியிருப்பதில்லை. ஆரம்பத்தில் அது எனக்கு அபசுரமாகக் கேட்டது. இவ்வளவு பெரிய பாடகிக்குச் சுருதி விலகுமா என்று உஸ்தாதிடம் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே இருந்தேன். பல மாதம் கழித்து ஒரு நாள், கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கையில், என் வாயிலேயே அந்த சுரம் முணுமுணுப்பாக வந்தது. எப்போது குடியேறியது என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. காது என்பது ஊரோடு ஒட்டிப் பிறந்தது என்று நினைத்திருந்தேன்.

யார் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? உஸ்தாதுக்கு மகாம்களின் பெயரே பாதி தெரியாது. நான் படித்த புத்தகங்கள், வர்ஜீனியா டேனியல்சன் 1997இல் எழுதிய வரலாறு உட்பட, எல்லாம் பிறகு வந்தவை. யோசித்துப் பார்த்தால், என் வாத்தியார் அந்தக் கூட்டம்தான். ஒரு வரி வருகிறது. எனக்கு ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. ஆனால் யாரோ ஒருவன் "யா ஸலாம்" என்கிறான். அடுத்தமுறை அந்த இடம் வரும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன், அங்கே என்ன இருக்கிறது என்று. மூன்றாவது முறை எனக்கும் தெரிந்துவிடுகிறது. பாட நோட்டின் ஓரத்தில் மூத்த மாணவன் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பான் அல்லவா, அப்படி. முகம் தெரியாத கெய்ரோக்காரர்கள் எனக்காக ஐம்பது வருடம் முன்பே கோடு போட்டு வைத்திருந்தார்கள். அரபியில் அவர்களுக்கு 'சம்மீஆ' என்று பெயர். கேட்பவர்கள் என்று பொருள், ஆனால் தொழில் பெயர்போலச் சொல்வார்கள்.

அவர்களுடைய வேலை கேட்பதோடு முடியவில்லை. பாட்டின் நீளத்தை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். 'யா ஸாலிம்னி' என்ற பாட்டு ஒரு இரவில் முக்கால் மணி, இன்னொரு இரவில் ஒன்றரை மணி நேரம்கூடப் போகும். "தானீ" என்று கத்துவார்கள். எகிப்திய வழக்கில் 'இன்னொரு தரம்'. கத்தலில் உயிர் இருந்தால் அவர் திரும்பப் பாடுவார். பாடியதையே பாடாமல் புதிதாக ஒன்றைக் கொடுப்பார். அது இன்னும் பெரிய கத்தலைக் கிளப்பும். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டே போகிற இந்தப் போதைக்குத்தான் 'தரப்' என்று பெயர். அதைப் பாடுபவர் மட்டும் உண்டாக்க முடியாது. "மகிமைமேல் மகிமை, அம்மணி" என்று பொருள்படும்படி ஒரு ரசிகர் அடித்த கூச்சல் எகிப்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

நம் சபாக்களை நினைத்துக்கொண்டேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீன் பக்கம் நகர்கிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். முன்வரிசையில் ஒருவர் 'பலே' சொன்னால் பின்வரிசை திரும்பிப் பார்க்கும். எப்போது நாம் இப்படி அடங்கிப்போனோம்? தேரடிக் கூட்டம் இப்படி இல்லை. தாத்தா சொன்ன கதைகளில் நாயனக்காரரை நகரவிடாமல் நிறுத்தியது கூட்டம்தான். ரசிகர் என்ற சொல்லை நாம் மன்றம் வைப்பவனுக்கு ஒரு பக்கமும், தாளம் போட்டபடி கண்ணை மூடுபவருக்கு இன்னொரு பக்கமுமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். கெய்ரோவில் அவர்கள் ஒரே ஆளாக இருந்தார்கள். கட்அவுட் வைக்கிறவனின் வெறியும் இருக்கும், கால் சுரம் விலகினால் முகம் சுளிக்கிற காதும் இருக்கும்.

முகமது அல்-கஸப்ஜியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஊத் வாத்தியக்காரர், இசையமைப்பாளர். 1920களில் உம்மு குல்தூமை ஒரு நவீனப் பாடகியாக ஆக்கியதில் இவருக்குப் பெரும் பங்கு. ஒரு கட்டத்தில் இவருடைய மெட்டுகளை உம்மு குல்தூம் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். 1940களோடு அந்தக் கதை முடிந்தது. வேறொருவராக இருந்தால் விலகியிருப்பார், வழக்குப் போட்டிருப்பார். இன்னொரு இசையமைப்பாளர் ஸக்கரிய்யா அகமது உண்மையிலேயே போட்டார். கஸப்ஜி விலகவில்லை. 1966இல் சாகும்வரை அவருடைய குழுவில் ஊத் வாசித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்களின் மெட்டுகளை வாசித்தபடி. 1960களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அவரைப் பார்க்கலாம். பாடகியின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவர். இறந்தபின் அந்த நாற்காலியை மேடையில் காலியாகவே வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள்.

இதை அடிமைத்தனம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். இருக்கலாம். எனக்கென்னவோ அந்த நாற்காலிதான் அரங்கிலேயே நல்ல இருக்கையாகப் படுகிறது. கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. கஸப்ஜி அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தார்.

கண்மூடித்தனமான விசுவாசி என்று என்னை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1944இல் ஃபாரூக் மன்னர் அவருக்கு அரச விருது கொடுத்தார். எட்டு வருடம் கழித்து மன்னரைத் துரத்திய ராணுவ அதிகாரிகளுக்கும் அவரே பாடினார். நாசரைப் புகழ்ந்து பாடிய பாட்டுகளை என்னால் இன்றும் முழுதாகக் கேட்க முடிவதில்லை. 1967 தோல்விக்குப் பின், இந்தப் பாட்டுப் போதையில்தான் அரபுகள் தூங்கிப்போனார்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் பதிலுக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடி, வந்த பணத்தை எகிப்து அரசுக்குக் கொடுத்தார். அந்த நவம்பரில் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் பாடியபோது ஒரு ரசிகர் மேடையேறிக் காலில் விழப்போய், அவரையே கீழே தள்ளிவிட்டார். எழுந்து நின்று தொடர்ந்து பாடினார். நம்மூர்க்காரன் யாராவது அங்கே போயிருப்பானோ என்று எனக்குச் சந்தேகம்.

எதிரி என்று எழுதப்பட்ட இடத்திலும் கேட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் ஈராக்கிலிருந்து இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்த யூதர்கள் இந்தக் குரலைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். தன் அரசோடு போரில் இருந்த நாட்டின் வானொலியைத் திருகி வைத்துக்கொண்டு வியாழன் இரவில் உட்கார்ந்தார்கள். 2020இல் ஹைஃபா நகரம் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்க முடிவெடுத்தபோது அங்கே ஒரு சச்சரவு. போருக்குப் பாடியவளுக்கா தெரு என்று ஒரு தரப்பு. எங்கள் அப்பா அழுதுகொண்டு கேட்ட குரல் என்று இன்னொரு தரப்பு. இரண்டும் உண்மைதான்.

எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று சிலசமயம் கேட்டுக்கொள்வேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஜான் ஹிக்கின்ஸ் 1960களில் நம் சங்கீதத்தில் விழுந்து, கற்று, திருவையாற்றில் பாடி, ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனார். அப்படி இறங்கிக் குளித்தவர்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. நான் கரையில் உட்கார்ந்திருப்பவன். ஒரு மகாமைக்கூட ஒழுங்காகப் பாட வராது. கிடங்கில் போல்ட் நட்டு எண்ணியவன். எகிப்தியக் கூட்டத்தில் நான் எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் கத்துவேன், மற்றவன் கத்தியதைக் கேட்டபிறகு.

2005இல், சேர்த்த காசில், நான்கு நாள் கெய்ரோ போனேன். உஸ்தாத் அதற்குமுன்பே வேலையை விட்டு மன்சூராவுக்குத் திரும்பியிருந்தார். ரயிலேறி வந்துவிட்டார். ஸமாலிக் பகுதியில் உம்மு குல்தூமின் வீடு இருந்த இடத்தைக் காட்டினார். வீட்டை இடித்துப் பெரிய கட்டடம் எழுப்பிவிட்டார்கள், அதற்கு அவர் பெயர். "அத்லால்" என்றார் உஸ்தாத், சிரிக்காமல். ரவ்தா தீவில், நைலின் வெள்ளமட்டம் அளக்கும் பழைய கிணற்றுக்குப் பக்கத்தில், மனஸ்தர்லி அரண்மனை வளாகத்தில் 2001இல் திறந்த சிறு அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி, கைக்குட்டைகள், உடைகள். உடைகள் நான் நினைத்ததைவிடச் சிறியவை. கூட்டத்தின் ஒலிக்கேற்ப ஒரு பெரிய உருவத்தை மனதில் வைத்திருந்தேன் போலும்.

அன்று மாலை தஹ்ரீர் சதுக்கத்தில் உமர் மக்ரம் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று உஸ்தாத் உம்மு குல்தூமின் இறுதி ஊர்வலத்தைச் சொன்னார். அவர் அப்போது கல்லூரி மாணவர், கூட்டத்தில் இருந்தவர். 1975 பிப்ரவரி 3ஆம் தேதி மரணம், 5ஆம் தேதி ஊர்வலம். இந்தப் பள்ளிவாசலில் அரசு முறைப்படி எல்லாம் நடந்து முடிய வேண்டியது. பல லட்சம் பேர். பெட்டியைத் தூக்கியவர்களின் தோளிலிருந்து கூட்டம் அதைப் பிடுங்கிக்கொண்டது. தோள் மாற்றித் தோள் மாற்றி, மணிக்கணக்காக, ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோயிற்று, அங்கேதான் அவருக்குப் பிடிக்கும் என்று. ஏற்பாடு செய்தவர்கள் பின்னால் ஓடினார்கள்.

"நீங்க தூக்கினீங்களா?" என்றேன்.

"ஒரு விரல் பட்டது" என்றார்.

2009இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துவிட்டன. இப்போது எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. மகன் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொடுத்தான். போன மாதம் ஒரு வியாழன் இரவு, நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிவைத்திருந்த பாட்டுகளில் ஒன்றின் ஸ்டூடியோப் பதிவு கிடைத்தது. அரங்கப் பதிவைத்தான் இருபத்தைந்து வருடமாகக் கேட்டிருக்கிறேன். இதில் கூட்டம் இல்லை. ஒலி அவ்வளவு சுத்தம். வயலின்களைத் தனித்தனியாக எண்ணலாம்போல இருந்தது. குரலில் இருக்கும் அந்த லேசான கரகரப்புக்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்த வரி வந்தது. முன்பு கேசட் சிக்கிக்கொண்டது என்று நினைத்த அதே இடம். ஒரு படி கீழே இறங்கி, தயங்கி, மேலே வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் "அல்லாஹ்" என்றேன். ஹெட்போன் போட்டிருந்ததால் சத்தமாகவே சொல்லிவிட்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க?" என்றாள். கையைக் காட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் திரும்பப் பாடவில்லை. பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது.